கஞ்சாவும் கல்லாப்பெட்டியும்



  

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா, தடுக்க வேண்டுமா என்ற பேச்சு இன்று உலகெங்கும் நடக்கிறது. ஜும்ஆ முடிந்து தேநீர் குடிக்க உட்காரும் இடத்தில்கூட இந்தப் பேச்சு வந்துவிட்டது. “இது சர்க்காரும் போலீசும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இதில் என்ன?” என்று கேட்போர் உண்டு. நாம் சொல்கிறோம்: மற்றெவரையும் விட இது நமக்குத்தான் அதிகம் உரியது. ஏனெனில் எந்தப் பொருளும் ஒரு கடைக்காரன் கையைத் தாண்டித்தான் வாங்குவோன் கைக்குப் போகிறது. சட்டம் மாறினால் முதலில் மாறுவது நமது அலமாரிதான்.

முதலில் உலக நடப்பைச் சற்றுப் பார்ப்போம். தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாடு 2013-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. கனடா 2018 அக்டோபரில் அனுமதித்தது. அமெரிக்காவில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களின் மக்கள் 2012-இல் இதற்கு வாக்களித்தனர். பின்னர் பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் எடுத்துவிட்டது. எனினும் கட்டுப்பாட்டிலிருந்து அது முற்றும் விடுபடவில்லை.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள். ஆனால் 2022 ஜூன் 9-ஆம் தேதி நமது அடுத்த வீடான தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பாடாங் பெசாரைத் தாண்டி ஹாட்யாய் போய்வரும் நம்மவர்கள் தெருத்தெருவாகப் பச்சை இலைப் படம் போட்ட கடைகளைக் கண்டனர். விற்பனையை ஒழுங்குபடுத்த முழுமையான சட்டம் ஒன்றை இயற்றுமுன் கதவு திறந்தாகிவிட்டது. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், அதே நாட்டுச் சுகாதார அமைச்சு, மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. திறந்த கதவைச் சாத்துவது எவ்வளவு சிரமம் என்பதை அந்த மூன்றாண்டுகள் காட்டின.

இரு கட்சியார் சொல்வதையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நமது மார்க்கத்தின் முறையன்று.

அனுமதிக்கச் சொல்வோர் கூறுவது இது: தடையினால் கஞ்சா ஒழியவில்லை, கள்ளச் சந்தைதான் கொழுத்தது. பெரிய முதலை தப்பிக்கிறது, கையில் சிறு பொட்டலம் வைத்திருந்த ஏழைப் பிள்ளை சிறைக்குப் போகிறான். அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா உபயோகித்தும், கறுப்பர்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு விகிதத்தில் கைதானார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டினர். இது அநீதி, மறுப்பதற்கில்லை. மேலும் அதே அமெரிக்கா 1920 முதல் 1933 வரை மதுவைத் தடுத்துப் பார்த்தது. கள்ளச் சாராயக் கூட்டங்கள் வளர்ந்ததே மிச்சமென்று சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

தடுக்கச் சொல்வோர் கூறுவதிலும் உண்மை உண்டு. அனுமதி கொடுத்தவுடன் அது ஒரு தொழிலாகிறது. தொழில் என்றால் விளம்பரம் வரும், புதுப்புது வடிவம் வரும், இளைஞர்களை வாடிக்கையாளர்களாக்கும் முயற்சி வரும். கனடாவில் கஞ்சா கலந்த மிட்டாயும் ரொட்டியும் விற்பனைக்கு வந்தபின், அறியாமல் தின்ற சிறு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியது என மருத்துவர்கள் எழுதினர். பருவ வயதில் அதிகம் புகைப்போருக்குச் சித்தம் கலங்கும் நோய் வரும் அபாயம் மிகுதி என்பதும் மருத்துவ ஆய்வுகள் கூறுவதே. அனுமதித்தால் கள்ளச் சந்தை ஒழியும் என்பதும் முழு உண்மையன்று. நம்மில் பலருக்குப் பூர்வீகமான தமிழ்நாட்டைப் பாருங்கள். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் துவங்கிய அதே மாகாணத்தில், 2003 முதல் அரசாங்கமே கடை திறந்து மது விற்கிறது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசாங்கக் கடையும் இருந்தது, கள்ளச் சாராயமும் இருந்தது.

இது நிற்க. நமக்குரிய தராசு எது?

மது ஹராம் என்ற கட்டளை ஒரே நாளில் இறங்கவில்லை. அதில் நன்மை சிறிது உண்டாயினும் பாவம் பெரிதென்று திருமறை முதலில் உணர்த்திற்று. பின்னர், போதையோடு தொழுகைக்கு நெருங்கக் கூடாதென்று கூறிற்று. அதன்பின்னரே முற்றும் விலகச் சொல்லிற்று. முதல் வசனமே குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால், நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்றே மக்கள் கூறியிருப்பார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கருத்து. உள்ளம் பக்குவப்பட்ட பிறகு கட்டளை வந்தது. அன்று மதீனாவின் தெருக்களில் மது ஆறாக ஓடியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். போலீஸ் வந்து ஊற்றவில்லை. குடித்துக்கொண்டிருந்தவர்களே எடுத்து ஊற்றினார்கள். அமெரிக்காவின் தடை 13 ஆண்டுகளில் கவிழ்ந்ததற்கும், மதீனாவின் தடை இன்றும் கோடிக்கணக்கான உள்ளங்களில் நிற்பதற்கும் வித்தியாசம் எங்கேயென்று சிந்தியுங்கள்.

“அன்று சொன்னது திராட்சை மதுவையல்லவா? இது இலைதானே?” என்று சில வாலிபர்கள் கேட்கக்கூடும். போதை தருவது எதுவாயினும் அது மதுவின் கணக்கிலேயே சேரும் என்றும், எது மிகுதியாகப் போதை தருமோ அதில் சொற்பமும் கூடாதென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். ஹஷீஷ் என்ற பெயரில் கஞ்சா முஸ்லிம் நாடுகளில் பரவியபோது நமது இமாம்கள் வாளாவிருக்கவில்லை. இமாம் இப்னு தைமிய்யா அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் ஸர்கஷீ அதன் தடையைப் பற்றித் தனியே ஒரு கிதாபே எழுதினார்கள். ஆகவே நாம் இன்று புதிதாகத் தீர்ப்புத் தேட வேண்டியதில்லை.

ஆனால் மருந்து வேறு, மயக்கம் வேறு. அழுகிய உறுப்பை வெட்டியெடுக்க நேரும்போது நோயாளிக்கு மயக்கம் தரும் மருந்து கொடுப்பதை நமது ஃபிக்ஹு கிதாபுகளே பேசியிருக்கின்றன. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்துத் தூய்மை செய்த ஒரு மருந்தை, பிள்ளைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்களுக்காக அமெரிக்க அரசாங்கம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. வலிப்பில் துடிக்கும் குழந்தையின் தாயிடம் போய் ஹராம் என்று கதவைச் சாத்துவது மார்க்கமல்ல. தகுந்த மருத்துவர் சீட்டின்பேரில், வேறு வழியில்லாதபோது, அளவறிந்து கொடுப்பது என்பது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய தனி விஷயம். முஸ்லிம் நாடாகிய மொராக்கோ 2021-இல் செய்த சட்டமும் மருத்துவத்துக்கும் கைத்தொழிலுக்கும் மட்டுமே கஞ்சாப் பயிரை அனுமதித்தது, போதைக்காக அல்ல. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மன்னர், கஞ்சாப் பயிர் வழக்குகளில் சிக்கியிருந்த நாலாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு மன்னிப்பும் அளித்தார். மருந்தின் பெயரால் மயக்கத்தை விற்பதும் தவறு, மயக்கத்தின் பெயரால் மருந்தை மறுப்பதும் தவறு.

சகோதரர்களே! இப்போது கல்லாப்பெட்டிக்கு வருவோம். சட்டம் அனுமதித்துவிட்டால் விற்கலாமல்லவா என்ற எண்ணம் வணிகன் மனத்தில் எளிதில் நுழையும். இதற்கு நாம் வேறெங்கும் சென்று உதாரணம் தேட வேண்டாம். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் கண்ட கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் அபின் சட்டபூர்வமான சரக்கு. வங்காளத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்தது. அதைக் காய்ச்சிச் சண்டு ஆக்கி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். 1910-இல் அரசாங்கமே அந்த வியாபாரத்தை நேரில் எடுத்துக்கொண்டது. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்தே வந்த ஆண்டுகளும் உண்டு. மூட்டை சுமந்தும் ரிக்‌ஷா இழுத்தும் பிழைத்த சீனத் தொழிலாளியின் கூலி பகலில் கைக்கு வந்து இரவில் புகையாகப் போயிற்று. அந்தப் பணத்தில் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். கடைசியில், யுத்தம் முடிந்தபின் 1946-இல் அபினை முற்றிலும் தடுத்தார்கள். அதற்குள் பழகிப்போனவர்களுக்கு வைத்தியம் செய்ய 1955-இல் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒரு நிலையம் வைக்க வேண்டியதாயிற்று.

இதில் நமக்குள்ள பாடம் யாது? நூறாண்டுக்கு மேல் சட்டம் அபினை அனுமதித்தது. லைசென்ஸ் இருந்தது, ரசீது இருந்தது, முத்திரை இருந்தது. அவற்றில் எதுவும் அந்த லாபத்தை ஹலாலாக்கவில்லை. சட்டம் மாறும், ஹலாலும் ஹராமும் சட்டப் புத்தகத்தோடு மாறுவதில்லை.

மது சம்பந்தமாகச் சாபத்துக்குரியவர்கள் பத்துப் பேர் என்று ஹதீஸில் வந்திருப்பதை ஆலிம்கள் பயானில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பத்தில் குடிப்பவன் ஒருவன்தான். மற்றவர்கள் பிழிபவன், பிழியச் சொல்பவன், சுமப்பவன், சுமக்கச் செய்பவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன், விற்ற கிரயத்தைத் தின்பவன் ஆகியோர். எண்ணிப் பாருங்கள்! உபயோகிப்பவனை விட, சரக்கை நடத்திச் செல்பவர்களே அதிகம். வணிகத்தை நன்கறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், வணிகத்தின் ஒவ்வொரு படியையும் எண்ணியே அந்தப் பட்டியலைச் சொன்னார்கள்.

“நம்மவருக்கு விற்க மாட்டோம், வெளிநாட்டுப் பயணிக்குத்தானே” என்ற சமாதானமும் செல்லாது. ஒருவர் மதுப் பையை அன்பளிப்பாகக் கொண்டுவந்தபோது, குடிப்பதைத் தடுத்தவன் விற்பதையும் தடுத்துவிட்டான் என்ற கருத்தையே நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். உடனே அந்தப் பை அங்கேயே கொட்டப்பட்டது. “முதல் போட்டாகிவிட்டதே” என்பதும் செல்லாது. அனாதைப் பிள்ளைகளுக்கு வாரிசாக வந்த மது தம் பொறுப்பில் இருந்ததை அபூதல்ஹா (ரலி) அவர்கள் கூறி, அதைக் காடியாக்கியாவது காப்பாற்றலாமா என்று கேட்டார்கள். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை, ஊற்றிவிடச் சொன்னார்கள். அனாதைகளின் பொருளைத் தொடவே அஞ்ச வேண்டும் என்று போதித்த மார்க்கம், அந்த அனாதைகளின் முதலையே தரையில் ஊற்றச் சொல்லிற்று என்றால், நமது கொள்முதல் எந்த மூலைக்கு?

இன்று சரக்கு வரும் வேஷத்தையும் அறிந்திருக்க வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து மிட்டாயாக, பிஸ்கட்டாக, பானமாக வருகிறது; பொட்டலத்தின் மூலையில் ஓர் இலைப் படம் மட்டும் இருக்கிறது. வேப் என்னும் மின் சிகரெட்டுக் குழலில் திரவமாக வருகிறது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் குழலில் கலந்து விற்றதனால் 2025-இல் சிங்கப்பூர் அரசாங்கம் அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. கெடா, பெர்லிஸ் பக்கத்தில் கெத்தும் இலையைக் காய்ச்சிய நீர் புட்டியில் வருகிறது. “முதலாளி, கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள், லாபம் பாதிக்குப் பாதி, விற்ற பிறகு பணம் தந்தால் போதும்” என்று தரகர் சொல்வார். கடனுக்குச் சரக்கு, பாதி லாபம், மறைத்து வைக்கும் இடம்: இந்த மூன்றும் ஒன்றாக வரும்போது வணிகன் விழித்துக்கொள்ள வேண்டும். நல்ல சரக்கை யாரும் மேசைக்கு அடியில் வைத்து விற்பதில்லை. இந்நாட்டில் 200 கிராம் கஞ்சா ஒருவரிடம் இருந்தாலே அவரைக் கடத்தல்காரரென்று சட்டம் அனுமானிக்கிறது என்பதையும், சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை உண்டு என்பதையும் தம் கடைப் பையன்களுக்கு எடுத்துச் சொல்லாத முதலாளி, அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையில் ஒன்றை விட்டவராவார்.

இவ்வளவும் விற்பவனைப் பற்றி. விழுந்துவிட்டவனைப் பற்றி மார்க்கம் பேசும் தொனி வேறு.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு மனிதர் குடித்துவிட்டுப் பலமுறை கொண்டுவரப்பட்டார். தண்டனையும் பெற்றார். ஒருநாள் கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவை இவன் இப்படி வருகிறான் என்று சலித்து அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இதே போன்ற மற்றொரு சமயத்தில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற பொருள்படவும் எச்சரித்தார்கள். தண்டனை உண்டு, சாபம் இல்லை. பிழை உண்டு, சகோதரத்துவம் அறவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? கடையில் வேலை செய்யும் பையனுக்கு இந்தப் பழக்கம் என்று தெரிந்தால், அன்று மாலையே கணக்கை முடித்துக் கையில் சில வெள்ளிகளைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுகிறோம். கடை சுத்தமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். அவன் எங்கே போவான்? ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு நமது கடையின் மேல்மாடியைத் தவிர வேறு வீடு ஏது? அவனுக்காகக் காத்திருப்பவன் அந்தத் தரகன் ஒருவனே. நாம் தள்ளுகிறோம், அவன் ஏந்திக்கொள்கிறான். ஷைத்தானுக்கு உதவி செய்வது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ? நம் வீட்டுப் பிள்ளைக்கே அந்தப் பழக்கம் என்றால் வேறு விதமாக நடக்கிறோம். மானம் போகுமென்று மூடி மறைக்கிறோம். கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று ஒரு பெண்ணின் வாழ்வையும் அதில் கட்டிவிடுகிறோம். தள்ளுவதும் வைத்தியமன்று, மறைப்பதும் வைத்தியமன்று.

இந்நாட்டில் போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதற்கென்றே 1983 முதல் தனிச் சட்டம் உண்டு. 2010-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள அர்ரஹ்மான் பள்ளிவாசலில், ஹெராயின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு மெத்தடோன் மருந்தும் மார்க்க போதனையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று துவங்கியது. பள்ளிவாசலின் கதவு அப்படிப்பட்டவர்களுக்கும் திறந்தது என்பதைக் கேட்கும்போது உள்ளம் குளிர்கிறது. 2023 ஜூலை 4 முதல் மலேசியாவில் மரண தண்டனை கட்டாயம் என்ற விதி நீங்கி, தண்டனையைத் தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் விடப்பட்டதும் இரக்கத்தின் பக்கம் வைத்த ஓர் அடியே. குற்றத்தின் அளவைப் பார்த்துத் தண்டிப்பது நீதிக்கு முரணல்ல.

ஆகவே, அனுமதியா தடையா என்று நம்மைக் கேட்போருக்கு நமது விடை இதுவே: விற்பவன் கதவைச் சாத்துங்கள், நோயாளியின் கதவைத் திறந்து வையுங்கள். உலகத்தார் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். ஒரு சாரார் இரக்கத்தின் பேரில் கடையையும் திறந்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார் கண்டிப்பின் பேரில் ஆஸ்பத்திரியையும் சாத்திவிடுகிறார்கள். நமது மார்க்கம் இரண்டையும் ஒருசேரச் செய்யச் சொல்கிறது.

இதற்கு நாம் சர்க்காரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மளிகைக் கடையாயினும், நாசி கண்டார்க் கடையாயினும், ஒட்டுக்கடையாயினும், கொள்முதல் செய்யும் பொட்டலத்தின் எழுத்தைப் படித்து, புரியாததை அலமாரியில் ஏற்றாதிருப்போம். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு ஒரு நல்ல வார்த்தையும், கடை அடைத்தபின் போவதற்கு ஒரு நல்ல இடமும் கொடுப்போம். தனிமையும் சலிப்புமே இந்தப் பழக்கத்தின் முதல் தரகர்கள். ஒருவன் விழுந்துவிட்டால், வெளியே தள்ளுமுன் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று, திரும்பி வந்தால் வேலை உண்டு என்று வாக்குக் கொடுப்போம். சிகிச்சைக்குப் போன வீட்டின் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் ஜமாஅத்தின் சதகாப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்குவோம். ஹராமான சரக்கை மறுத்ததனால் நஷ்டப்பட்ட வணிகன் எவனும் மறுமைக் கணக்கில் நஷ்டப்படப் போவதில்லை. அங்கே நமது பேரேட்டைப் புரட்டும்போது, எவ்வளவு விற்றாய் என்று மட்டுமல்ல, எதை விற்றாய், யாருக்கு விற்றாய், விழுந்தவனை என்ன செய்தாய் என்றும் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலானதாக ஆக்குவாயாக. சொற்பமாயினும் அதில் பரக்கத்தைச் சொரிவாயாக. எங்கள் பிள்ளைகளின் அறிவை மயக்கும் பொருள்களிலிருந்து காப்பாயாக. அவற்றில் சிக்கியவர்களுக்கு ஷிஃபாவையும், திரும்பி வருவோருக்கு எங்கள் உள்ளங்களில் இடத்தையும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.